நெசவாளி மகனின் இரு கிரீடங்கள்



ஆகஸ்டு மாதம் 15-ந் தேதி நமக்கு இரட்டைத் திருநாள். தேவமாதா ஆத்தும சரீரத்தோடு மோட்சத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட திருநாளும் அன்றே. நம் நாடு அந்நிய ஆட்சியினின்று விடுபட்ட நாளும் அன்றே. அதற்கு முந்தின நாளாகிய 14-ந் தேதியை நம்மில் பலர் கவனிப்பதில்லை. வீடு வாசல் கழுவுவதிலும், பலகாரம் சுடுவதிலும், பிள்ளைகளுக்குத் துணிமணி எடுப்பதிலும் அந்த நாள் ஓடிவிடுகிறது. அன்றுதான் திருச்சபை அர்ச். மாக்ஸிமிலியன் கோல்பே என்னும் குருவானவரை நினைவுகூர்கிறது. முன்பின் அறியாத ஒரு குடும்பத் தகப்பனுக்காகத் தம் உயிரைக் கொடுத்தவர் அவர்.

இந்த வாரம் அவருடைய ஜீவிய சரித்திரத்தைச் சொல்லப் புகுகிறோம். அதைச் சொல்லும்போது, ஒரு சர்வாதிகாரி அயலார் மண்ணைத் துண்டு துண்டாக விழுங்கிய கதையையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் அந்த மண்ணாசை பிறப்பித்த யுத்தத்தில்தான் இந்தப் புண்ணியவான் மடிந்தார்.

தறிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளை

தறியும் நூலும் பஞ்சாலைச் சங்கும் இராஜபாளையத்தாருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூராருக்கும் புதியவை அல்ல. நூல் விலை ஏறினால் எந்த வீட்டில் உலை கொதிக்காது என்பது நமக்குத் தெரியும். கோல்பே சுவாமியாரும் அப்படிப்பட்ட ஒரு வீட்டுப் பிள்ளைதான். போலந்து தேசத்தில் ஸ்துன்ஸ்கா வோலா என்னும் நெசவு ஊரில், 1894-ம் ஆண்டு ஜனவரி 8-ந் தேதி பிறந்தார். பிறந்த அன்றே ஞானஸ்நானம் பெற்று ரேமுந்து என்று பெயரிடப்பட்டார். தகப்பனார் யூலியுஸ் நெசவாளி. தாயார் மரியா பிற்காலத்தில் மருத்துவச்சியாக இருந்து குடும்பத்தைத் தாங்கினார். ஏழ்மையான குடும்பம், ஆயினும் ஜெபமாலை தவறாத குடும்பம்.

அக்காலத்தில் போலந்து என்னும் நாடே தேசப்படத்தில் இல்லை. 1772, 1793, 1795 ஆகிய மூன்று ஆண்டுகளில் ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் அதைப் பங்கு போட்டுக்கொண்டன. சொந்த மண்ணில் பிறந்தும் அந்நியருக்கு வரி கட்டிய ஜனங்கள் அவர்கள். அதன் கசப்பு நம் முன்னோருக்கும் தெரியும்.

சிறுவன் ரேமுந்து குறும்புக்காரன். பன்னிரண்டு வயதளவில் ஒருநாள் தாயார் மனம் நொந்து, நீ என்ன ஆகப் போகிறாயோ என்று கடிந்துகொண்டார். பிள்ளை கோவிலுக்கு ஓடி, தான் என்ன ஆவேன் என்று தேவமாதாவைக் கேட்டான். மாதா இரு கிரீடங்களோடு அவனுக்குத் தோன்றினார். ஒன்று வெள்ளை, மற்றது சிவப்பு. வெள்ளை கற்பின் அடையாளம்; சிவப்பு வேதசாட்சியின் அடையாளம். எது வேண்டும் என்று மாதா வினவ, இரண்டும் வேண்டும் என்றான் பிள்ளை. இதைத் தாயாரிடம் மட்டும் சொன்னான். அதன் பிறகு அவன் நடத்தையே மாறிப்போயிற்று.

1907-ல் பிரான்சிஸ்கன் சபையின் சிறு குருமடத்தில் சேர்ந்தார். 1910-ல் நவசந்நியாசியாகி மாக்ஸிமிலியன் என்னும் பெயரைப் பெற்றார். 1912-ல் மேற்படிப்புக்காக ரோமாபுரிக்கு அனுப்பப்பட்டார். 1914-ல் முதலாம் உலக யுத்தம் மூண்டபோது, தகப்பனார் போலந்தின் விடுதலைக்காகப் போராடப் புறப்பட்டு, ரஷ்யரிடம் பிடிபட்டு உயிரிழந்தார் என்பர். மகனோ ரோமையில் வேறொரு படைக்கு ஆள் சேர்த்தார். 1917-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி, ஆறு தோழர்களோடு அமலோற்பவ மாதாவின் சேனை என்னும் சங்கத்தைத் தொடங்கினார். ஆயுதம் ஏந்தாத சேனை அது. 1918 ஏப்ரல் 28-ல் குருப்பட்டம் பெற்றார். தத்துவத்திலும் வேதசாஸ்திரத்திலும் டாக்டர் பட்டங்களோடு 1919-ல் தாய்நாடு திரும்பினார். அதற்குள் 1918 நவம்பரில் போலந்து விடுதலை பெற்றிருந்தது.

அச்சு எந்திரமும் ஜெபமாலையும்

அவருக்குக் காசநோய். மூச்சு வாங்கும், இரத்தமும் கக்குவார். பிரசங்கம் செய்யக் குரல் இல்லை. ஆகவே எழுத்தால் பிரசங்கிக்கத் துணிந்தார். 1922 ஜனவரியில் அமலோற்பவியின் வீரன் என்னும் பொருள்படும் மாத இதழை 5,000 பிரதிகளோடு தொடங்கினார். சபையில் பணம் இல்லை. வீடு வீடாகப் போய் யாசித்தார். இன்று உங்கள் கையில் இருக்கும் இதுபோன்ற எளிய பத்திரிகைதான் அதுவும். பதினாறு ஆண்டுகளில் அந்த இதழ் 10 லட்சம் பிரதிகளை எட்டியது.

1927-ல் வார்சா நகரத்துக்கு அருகே ஒரு பிரபு கொடுத்த நிலத்தில் நியேப்போகலானோவ் என்னும் மடத்தைக் கட்டினார். அமலோற்பவியின் நகர் என்பது அதன் பொருள். 1939-ல் அங்கே 700-க்கு மேற்பட்ட சகோதரர் இருந்தனர். அவர்களிலே அச்சுக் கோப்பவர், தச்சர், தையற்காரர், சமையற்காரர், தீயணைப்போர் என எல்லாத் தொழிலாளரும் உண்டு.

1930-ல் சுவாமியார் ஜப்பானுக்குச் சென்றார். நாகசாகியில் ஒரு மலைச்சரிவில் மடம் அமைத்து, வந்து இறங்கிய ஒரே மாதத்தில் ஜப்பானிய மொழியில் இதழையும் வெளியிட்டார். 1945-ல் அணுகுண்டு விழுந்து நகரம் சாம்பலானபோது, மலை மறைவில் இருந்த அந்த மடம் தப்பியது.

இங்கே நம்மவர் அறிய வேண்டிய ஒரு செய்தி உண்டு. 1932-ல் அவர் நம் இந்தியாவுக்கும் வந்தார். மலையாள நாட்டில் எர்ணாகுளத்துக்கு வந்து, அங்கேயும் மாதாவின் நகர் ஒன்றை நிறுவ ஏற்பாடு செய்தார். ஆள் பலம் போதாமையால் அந்த எண்ணம் ஈடேறவில்லை. நம் ஊர்களிலிருந்து மேற்கே பார்த்தால் தெரியும் மலைத்தொடருக்கு அப்பால் உள்ள பூமி அது. அந்த மலைக்கு அந்தப் பக்கம் இந்தப் புண்ணியவானின் பாதம் பட்டிருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1936-ல் அவர் போலந்துக்குத் திரும்பினார். திரும்பிய இடத்தில் இடி முழங்கிக்கொண்டிருந்தது.

வரப்பு நகர்ந்த கதை

வயல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு அனுபவம் இருக்கும். பக்கத்து நிலக்காரன் ஒரு வருஷம் வரப்பை ஒரு சாண் தள்ளிப் போடுவான். ஒரு சாணுக்கா சண்டை என்று நாம் பேசாமல் இருப்போம். மறு வருஷம் இன்னொரு சாண். மூன்றாம் வருஷம் வாய்க்காலும் அவன் பக்கம் போய்விடும். பஞ்சாயத்தைக் கூட்டினால், இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்பான். ஐரோப்பாவில் நடந்ததும் இதுவே.

முதல் யுத்தத்தில் தோற்ற ஜெர்மனி 1919-ல் வெர்சேல்ஸ் உடன்படிக்கையினால் நிலத்தையும் இழந்தது, பெரும் நஷ்டஈடும் கட்ட வேண்டியதாயிற்று. 1929-க்குப் பின் உலக வியாபாரம் நொடித்தபோது அங்கே வேலையற்றோர் 60 லட்சம் பேர். பசியும் அவமானமும் சேர்ந்த இடத்தில் ஹிட்லர் என்பவன் எழும்பினான். 1933 ஜனவரி 30-ல் பிரதம மந்திரியானான். சில மாதங்களில் மற்றக் கட்சிகள் எல்லாம் ஒழிந்தன. தம் இனமே உயர்ந்தது, அதற்குக் கிழக்கே நிலம் வேண்டும், யூதர் பகைவர் என்பதே அவன் போதனை. பாப்பானவர் பதினொன்றாம் பத்திநாதர் 1937-ம் ஆண்டு குருத்து ஞாயிறன்று, ஜெர்மனியின் கோவில்கள்தோறும் அந்நாட்டு மொழியிலேயே ஒரு நிருபத்தை வாசிக்கச் செய்து, இனத்தையும் இராஜ்யத்தையும் தெய்வமாக்குவது விக்கிரக ஆராதனை என்று கண்டித்தார்.

ஆனால் வரப்பு நகரத் தொடங்கிவிட்டது. 1936 மார்ச் 7-ல், படை நுழையக் கூடாது என்று உடன்படிக்கை விதித்திருந்த ரைன் நதிப் பிரதேசத்தில் ஜெர்மன் சேனை புகுந்தது. அது அவர்கள் சொந்த நிலந்தானே என்று பிரான்சும் பிரிட்டனும் கையைக் கட்டிக்கொண்டிருந்தன. 1938 மார்ச்சில் ஆஸ்திரியா முழுவதும் போயிற்று. ஒரே மொழிக்காரர்தானே என்றார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியில் மியூனிக் நகரில் பிரிட்டன், பிரான்சு, இத்தாலி, ஜெர்மனி ஆகிய நான்கும் கூடி, செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதியை ஹிட்லருக்குக் கொடுத்துவிட்டன. நிலத்துக்கு உடையவனாகிய செக் அரசை அந்தக் கூட்டத்துக்கு அழைக்கவே இல்லை! சமாதானம் வந்துவிட்டது என்று லண்டனில் ஜனங்கள் ஆனந்தக் கூத்தாடினார்கள்.

அடுத்த ஆறு மாதத்துக்குள், 1939 மார்ச் 15-ல், பிராக் நகரிலேயே ஜெர்மன் படை நுழைந்தது. அங்கிருந்தவர் ஜெர்மன் மொழிக்காரர் அல்லர். ஆகவே சாக்குச் சொல்லவும் இடமில்லை. அப்போதுதான் கண் விழித்த பிரிட்டன், மார்ச் 31-ல் போலந்துக்குத் துணை நிற்பதாக வாக்களித்தது.

இன்னொன்றையும் மறையாமல் சொல்ல வேண்டும். 1938 அக்டோபரில் செக் தேசம் கூறு போடப்பட்டபோது, போலந்து அரசும் தன் பங்குக்கு ஒரு துண்டை எடுத்துக்கொண்டது. அயலான் வீடு இடியும்போது ஒரு கல்லைப் பெயர்த்தெடுத்தவன் வீட்டுக்கே அடுத்த முறை வந்தது. 1939 ஆகஸ்டு 23-ல் ஹிட்லரும் ரஷ்யாவின் ஸ்டாலினும் உடன்படிக்கை செய்து, போலந்தைப் பங்கிட்டுக்கொள்ள இரகசியமாகக் கோடு கிழித்தனர். மறுநாள் பாப்பானவர் பன்னிரண்டாம் பத்திநாதர் வானொலியில் பேசி, யுத்தத்தைத் தவிர்க்குமாறு உலகத் தலைவர்களை மன்றாடினார். கேட்பார் இல்லை. செப்டம்பர் 1-ந் தேதி அதிகாலையில் ஜெர்மன் சேனை போலந்தின்மேல் பாய்ந்தது. 3-ந் தேதி பிரிட்டனும் பிரான்சும் யுத்தப் பிரகடனம் செய்தன. 17-ந் தேதி கிழக்கிலிருந்து ரஷ்யர் நுழைந்தனர்.

அந்த நெருப்பு நம் ஊர்களையும் தொட்டது. செப்டம்பர் 3-ந் தேதியே, நம்மவர் எவரையும் கேளாமல், இந்தியாவும் யுத்தத்தில் இருப்பதாக வைசிராய் அறிவித்தார். அதை ஆட்சேபித்து, சென்னையில் இராஜாஜியின் மந்திரிசபை அந்த ஆண்டே விலகியது. பின்னர் ஜப்பானும் யுத்தத்தில் இறங்கவே, 1942-ல் பர்மாவிலிருந்து தமிழர் பலர் காடு மலைகளைக் கால்நடையாகக் கடந்து வந்தனர், பர்மா அரிசி நின்றது, ரேஷன் வந்தது. தாத்தா பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். எங்கோ ஒருவன் நகர்த்திய வரப்பு நம் வீட்டு அரிசிப் பானை வரைக்கும் வந்துவிட்டது!

மடத்தின் வாசல் திறந்தது

செப்டம்பர் 19-ந் தேதி கோல்பே சுவாமியாரையும் சகோதரர் சிலரையும் ஜெர்மன் படையினர் பிடித்துச் சென்றனர். முகாம்களில் அடைபட்டிருந்து, அமலோற்பவ மாதா திருநாளாகிய டிசம்பர் 8-ல் விடுதலையானார். மடம் சூறையாடப்பட்டுக் கிடந்தது. அச்சு எந்திரங்கள் முடங்கின. அவர் அழுதுகொண்டிருக்கவில்லை. ஊர்களினின்று துரத்தப்பட்ட சுமார் 3,000 பேருக்கு மடத்தின் வாசலைத் திறந்தார். காயம்பட்டோருக்குக் கட்டுப் போடும் இடமாகவும் அது மாறியது. சத்திரப்பட்டித் தறிகளில் மருத்துவத் துணி நெய்யும் நம் சகோதரருக்கு, ஒரு முழம் துணி ஒரு உயிருக்கு என்ன பெறும் என்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடைக்கலம் புகுந்தோரில் யூதர் பலர். இதைச் சற்று நின்று கவனியுங்கள். முன் நாட்களில் சுவாமியாரின் மடத்தினின்று வெளிவந்த நாளிதழில் யூதருக்கு விரோதமான எழுத்துக்கள் இடம்பெற்றதுண்டு. அக்காலத்துப் போலந்தில் பரவியிருந்த அந்தக் குற்றத்துக்கு மடமும் தப்பவில்லை. ஆனால் பசித்த யூதன் வாசலில் வந்து நின்றபோது, சுவாமியார் அவனிடம் மதம் கேட்கவில்லை. அவனிடம் சேசுநாதரையே கண்டார். எழுதிய வார்த்தையைவிட இட்ட சோறு பெரிதாக நின்றது.

கோல்பே என்பது ஜெர்மன் வம்சப் பெயர். தகப்பனார் வழியில் அந்த இரத்தம் உண்டு. ஜெர்மன் பிரஜை என்று ஒப்புக்கொண்டு பதிந்துகொண்டால் சலுகைகள் கிடைத்திருக்கும். அவரோ இசையவில்லை. துன்பப்படும் தம் ஜனத்தை விட்டு விலகிப் பிழைக்க அவர் மனம் ஒப்பவில்லை.

1941 பிப்ரவரி 17-ல் இரகசியப் போலீசார் மறுபடியும் அவரைப் பிடித்து வார்சாவின் பாவியாக் சிறையில் அடைத்தனர். மே 28-ல் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பினர். சுமார் 11 லட்சம் பேர் மடிந்த இடம் அது. அவர்களில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் யூதர். அங்கே அவருக்குப் பெயர் இல்லை. 16670 என்னும் எண் மட்டுமே. குருவானவர் என்பதற்காகவே பாரமான வேலையும் அடியும் அதிகம். ஆயினும் தம் பங்கு ரொட்டியைப் பிறருக்குப் பிட்டுக் கொடுத்தார். இருட்டில் படுத்திருந்தோரிடம் ஊர்ந்து சென்று பாவசங்கீர்த்தனம் கேட்டார்.

சிவப்புக் கிரீடம்

1941 ஜூலை மாத இறுதியில் அவர் இருந்த பகுதியிலிருந்து ஒரு கைதி காணாமற்போனான். ஒருவன் ஓடினால் பத்துப்பேர் பட்டினியால் சாக வேண்டும் என்பது முகாமின் சட்டம். கைதிகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி வைத்து, மாலையில் பிரிட்ஷ் என்னும் அதிகாரி வந்து பத்துப்பேரைச் சுட்டிக் காட்டினான். அவர்களில் ஒருவர் பிரான்சிஸ்கு கயோவ்னிச்செக் என்னும் போலந்துப் படைவீரர். தம் மனைவியையும் பிள்ளைகளையும் நினைத்து அவர் கதறினார்.

அப்போது வரிசையை விட்டு ஒருவர் முன்னே வந்தார். உத்தரவின்றி அசைந்தாலே சுட்டுக் கொல்லும் இடம் அது. ஒட்டிய கன்னமும் வட்டக் கண்ணாடியுமாக நின்ற அந்த மனிதர், குடும்பஸ்தனாகிய அவருக்குப் பதிலாகத் தாம் சாக விரும்புவதாகச் சொன்னார். யார் என்று கேட்டதற்கு, தாம் ஒரு கத்தோலிக்கக் குரு என்பதே அவர் மறுமொழி. பெயர் சொல்லவில்லை; படித்த பட்டங்களைச் சொல்லவில்லை. அதிகாரி ஏனோ இணங்கினான்.

பத்துப்பேரும் நிலவறையில் அடைக்கப்பட்டனர். சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. அந்த அறைகளிலிருந்து வழக்கமாகச் சாபமும் அலறலும் கேட்கும். இம்முறையோ ஜெபமாலையும் மாதா கீர்த்தனையும் கேட்டன. பக்கத்து அறைகளில் கிடந்தோரும் சேர்ந்துகொண்டனர். மொழிபெயர்ப்பாளராக அங்கே போய்வந்த ஒரு கைதி பிற்காலத்தில் இதையெல்லாம் சாட்சி சொன்னார். நாளுக்கு நாள் குரல்கள் குறைந்தன. இரண்டு வாரம் கழிந்தபோது நால்வர் மட்டுமே மிஞ்சினர். நினைவோடு இருந்தவர் சுவாமியார். அறை தேவைப்பட்டதால் நஞ்சு ஊசி போட்டு முடிக்க வந்தனர். அவர் தாமே இடது கையை நீட்டினார். அது 1941 ஆகஸ்டு 14. மறுநாள், தேவமாதாவின் மோட்ச ஆரோபணத் திருநாளன்று, அவருடைய சரீரம் சுட்டெரிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 47.

கயோவ்னிச்செக் பிழைத்தார். யுத்தம் முடிந்து வீடு திரும்பியபோது மனைவி இருந்தார். பிள்ளைகள் இருவரும் 1945-ல் குண்டுக்கு இரையாகியிருந்தனர். அந்தத் துக்கத்தோடும் அவர் 1995 வரை வாழ்ந்து, தமக்காக இறந்தவரைப் பற்றிப் போகுமிடமெல்லாம் பேசினார். 1971-ல் பாப்பானவர் ஆறாம் சின்னப்பர் கோல்பே சுவாமியாருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தபோதும், 1982 அக்டோபர் 10-ல் போலந்து நாட்டவரான இரண்டாம் ஜான் பால் பாப்பரசர் அவரை வேதசாட்சியாகவே அர்ச்சியசிஷ்ட பட்டத்துக்கு உயர்த்தியபோதும், அந்த முதியவர் ரோமையில் கண்ணீரோடு நின்றார். சிறுவன் கேட்ட இரு கிரீடங்களும் அவனுக்குக் கிடைத்தன.

நமக்கு என்ன?

வாசகரே, இரண்டு மனிதரை இங்கே பார்த்தோம். ஒருவன் பிறருடையதைத் தனது என்றான். போலந்தில் மட்டும் ஏறக்குறைய 60 லட்சம் பேர் அதனால் மாண்டனர். மற்றவர் தம்முடைய உயிரையே பிறருடையது என்றார். ஒரு மனிதர் பிழைத்தார். கணக்குப் பார்த்தால் ஒன்றுக்கு ஒன்று ஈடாகாது. ஆனால் ஹிட்லர் பிடித்த நிலத்தில் ஒரு சாண்கூட இன்று அவனுடையதாக இல்லை. அந்த நிலவறையோ ஜெபஸ்தலமாக நிற்கிறது.

நாம் தேசங்களைப் பிடிக்கப் போவதில்லை. ஆனால் அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் ஒரு சாண் தள்ளிப் போடுகிறவர் நம் நடுவில் இல்லையா? விதவையின் வீட்டுச் சுவரை ஒட்டி நம் சுவரை நகர்த்துகிறவர் இல்லையா? ஒருவர் நகர்த்துகிறார் என்று தெரிந்தும், நமக்கேன் வம்பு என்று தெருவோரம் நிற்கிறவர்கள் அதைவிட அதிகம் பேர். 1936-ல் ஒரு சாணுக்குப் பேசாதவர்கள் 1939-ல் உலகத்தையே தீக்குக் கொடுத்தார்கள். அநியாயம் சிறியதாக இருக்கும்போதே அதை அன்போடும் துணிவோடும் தடுத்து நிறுத்துவது கிறிஸ்தவனின் கடமை. வேற்று மதத்தாரையும் வேற்று ஜாதியாரையும் இழித்துப் பேசும் சொல் நம் வீட்டுத் திண்ணையில் விழும்போதே அதை நிறுத்திவிடுவதும் அந்தக் கடமையே.

வருகிற ஆகஸ்டு 14 மாலையில் பலகாரச் சட்டியை இறக்கி வைத்தபின், குடும்பமாகக் கூடி ஒரு ஜெபமாலை சொல்லுங்கள். உங்களோடு வழக்கில் இருக்கும் ஒருவருக்காக அதை ஒப்புக்கொடுங்கள். கூடுமானால் மறுநாள் பூசைக்கு வருமுன் அவர் வீட்டு வாசலுக்குப் போய், வரிசையை விட்டு முன்னே வந்த அந்தக் குருவானவரைப்போல, முதல் அடியை நீங்களே எடுத்து வையுங்கள். அர்ச். மாக்ஸிமிலியன் நமக்காகவும் நம் குடும்பங்களுக்காகவும் வேண்டிக்கொள்வாராக.